சாயநீரும் சாவக நோன்பும்

(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் திருப்பூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அறவியலையும் அரசியல் மெய்யியலையும் அவற்றைப் பற்றி ஒரு நூலும் படித்திராதவர்க்கும் விளங்குமாறு அறிமுகம் செய்ய வேண்டும் என்பது அறக்கட்டளையார் எனக்கு இட்ட பணி. இத்துறைகளின் பெயரைக் கேட்ட அளவிலேயே பலர் அஞ்சுவர்; வாயில் நுழையாத அயல்நாட்டுப் பெயர்கள் வரிசையாக வருமென்று எண்ணுவர். சில பெயர்கள் வரத்தான் செய்யும். ஆனால் அவற்றின் பின்னால் நிற்கும் வினாக்கள் நம் வீட்டு முற்றத்தில் எழுபவையே. நான் எதைச் செய்யத் தகும், எதைச் செய்யத் தகாது என்பதை ஆராய்வது அறவியல். பலர் கூடி வாழுமிடத்தில் விதியை யார் வகுக்கலாம், அதற்கு நான் ஏன் கட்டுப்பட வேண்டும், அவ்வாழ்வால் விளையும் நன்மையையும் சுமையையும் யார் யார் எவ்வளவு ஏற்க வேண்டும் என்பதை ஆராய்வது அரசியல் மெய்யியல். தேர்தலையும் கட்சிகளையும் பற்றியது அதுவென்று எண்ணிவிட வேண்டா.

முதல் வினா நமக்குப் புதிதன்று. சமந்தபத்திரரின் வடமொழி நூலைத் தழுவிய அருங்கலச்செப்பை நம் இல்லங்களில் ஓதி வந்திருக்கின்றனர். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை, மிகுபொருள் விரும்பாமை ஆகிய ஐந்து அணுவிரதங்களைச் சிறு பிள்ளைகளும் அறிவர். இரண்டாம் வினாவைக் கேட்டுப் பழகியவர் நம்மிடையே குறைவு. அதனைக் கேளாதவரை முதல் வினாவுக்கும் நிறைவான விடை கிடைக்காது என்பதே இன்று நான் சொல்ல வந்தது. எடுத்துக்காட்டுக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இந்நகரின் நடுவே செல்லும் நொய்யலாறு போதும்.

வெள்ளியங்கிரி மலைத்தொடரில் தோன்றி, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலப்பது நொய்யல். 1970களின் பிற்பகுதி தொட்டுப் பனியன் ஏற்றுமதி பெருகப் பெருக, ஆற்றின் இருமருங்கிலும் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் பெருகின. பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் உப்பு வேண்டும். அடர்ந்த நிறமாயின் ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோவுக்கும் மேல் உப்புச் செலவாகும். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. சாயத்தை நூலுக்குள் செலுத்திவிட்டு அப்படியே கழிவுநீரோடு வெளியேறிவிடும். கண்ணுக்குத் தெரியும் சிவப்பையும் நீலத்தையும் பற்றியே பலரும் பேசினர். நிலத்தைக் கெடுத்தது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத உப்பே. நிறத்தைச் சுண்ணாம்பும் ஆலமும் இட்டு ஓரளவு நீக்கிவிடலாம். கரைந்த உப்பை அவ்வாறு நீக்க இயலாது. ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள உப்புகள் 2,100 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது விதி. சாயக்கழிவு அதனைப் பன்மடங்கு தாண்டியிருந்தது.

பாசனத்திற்காக ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே ஓர் அணை கட்டப்பட்டு 1990களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அது பாசன நீரைத் தேக்கும் அணையாக இல்லாமல் சாயக்கழிவைத் தேக்கும் குட்டையாகிவிட்டது. எந்த உழவர்க்காக அதைக் கட்டினார்களோ அந்த உழவரே தண்ணீரைத் திறந்துவிட வேண்டா என்று முறையிடும் நிலை வந்தது. கிணறுகள் உவர்த்தன. தென்னை காய்ப்பு குன்றியது. ஆடுமாடுகளுக்குக் காட்டும் தண்ணீரையும் விலைகொடுத்து வாங்க நேர்ந்தது.

இனி அறவியலின் முதல் வினாவைக் கேட்போம். இதில் தவறு செய்தவர் யார்?

சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் கவுந்தியடிகள், கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு அழைத்துச் செல்லும் வழியின் இடர்களைச் சொல்கிறார். கள்வரைப் பற்றியோ விலங்குகளைப் பற்றியோ அவர் அஞ்சியதாக அங்கே இல்லை. நீர்க்கரை வழியே நடக்கையில் நண்டும் நத்தையும் நம் காலடியில் அறியாமல் மிதிபட்டு நோவடையுமே, அத்துன்பம் தாங்க இயலாததாயிற்றே என்பதுதான் அவர் கவலை. அறியாமல் செய்யும் தீங்கும் தீங்குதானா என்னும் வினா இதில் அடங்கியிருக்கிறது. மேலை நாட்டு அறவியல் இவ்வினாவில் இரு பெரும் கிளைகளாகப் பிரிகிறது. செயலை அதன் விளைவால் அளக்க வேண்டும் என்பது ஒரு கிளை. செய்தவன் எந்த நெறியை மனத்திற் கொண்டு செய்தான் என்பதால் அளக்க வேண்டும் என்பது மற்றொன்று. முன்னதற்கு இங்கிலாந்தின் ஜெரமி பெந்தாமும் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் முதன்மையானவர். பின்னதற்குச் செருமனியின் இம்மானுவேல் கான்ட்.

நம் தத்துவார்த்த சூத்திரம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஓரிடத்தில் நிற்கிறது என்பது என் கருத்து. இம்சை என்பதை வரையறுக்கும்போது உமாசுவாதி உயிர்க்கு ஊறு செய்தலை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பிரமாதத்தினால், அதாவது விழிப்பின்மையால், அவ்வூறு நிகழ்வதையும் சேர்த்தே சொன்னார். கண்பார்த்து அடிவைத்து நடக்கும் முனிவரின் காலடியில் ஓருயிர் தற்செயலாக அகப்பட்டால் அது இம்சையாகாது. பாராமல் நடப்பவன் காலடியில் ஓருயிரும் சாகாவிடினும் அவன் இம்சை செய்தவனே. புருஷார்த்த சித்தியுபாயத்தில் அமிர்தசந்திரர் இதனை மேலும் விரிவாக விளக்கியிருக்கிறார். ஆகவே, 'எனக்குத் தெரியாது' என்பது நம் மரபில் போதிய விடையன்று. தெரிந்துகொள்ள முயன்றாயா என்னும் வினா அடுத்தே வரும்.

இவ்விடத்தில் நம்மவர் வழக்கமாகச் சொல்லும் சமாதானம் ஒன்றுண்டு. இம்சை நால்வகை என்று நாம் கற்றிருக்கிறோம். வேண்டுமென்றே செய்வது சங்கல்பி. சமைத்தல், வீடு பெருக்குதல் போன்ற இல்லறக் கடமைகளில் நேர்வது ஆரம்பி. தொழில் செய்கையில் நேர்வது உத்யோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. இவற்றுள் முதலாவதை இல்லறத்தார் முற்றும் துறக்க வேண்டும். ஏனைய மூன்றும் அவர்க்குத் தவிர்க்க இயலாதன என்பர். உடனே, சாயத்தொழில் உத்யோகி இம்சை, ஆதலால் இல்லறத்தார்க்கு அது தடையன்று என்று ஒருவர் முடித்துவிடுகிறார். இந்த முடிவை நான் ஏற்கவில்லை. உத்யோகி இம்சையை இல்லறத்தார்க்கு விட்டுவைத்தது, வாழ்வுக்கு வேண்டிய அளவு, இயன்ற விழிப்போடு செய்யும் தொழிலில் எஞ்சி நிற்கும் ஊற்றை மனத்திற் கொண்டே. சுத்திகரிப்புக் கருவியைப் பொருத்தி வைத்துவிட்டு, மின்கட்டணத்திற்கு அஞ்சி இரவில் அதனை நிறுத்திக் கழிவைத் திறந்துவிடுபவர் விழிப்பின்றிச் செய்தார் என்று கூடச் சொல்ல இயலாது. அவர் அறிந்தே செய்கிறார். அது சங்கல்பிக்கு எத்துணை அணுக்கமானது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நம்முள் சாயப்பட்டறை நடத்துவோர் மிகச் சிலரே இருக்கலாம். ஆனால் வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கங்களிலிருந்து பிழைப்புக்காக இங்கு வந்து, ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கு எழுதுவோரும், சாயப்பொருள் விற்போரும், செக்கிங் பிரிவில் பணிபுரிவோரும், வங்கியில் கடன் வழங்குவோரும் நம் குடும்பங்களில் இல்லையா? இந்தப் பேச்சு அவர்களையும் பற்றியதுதான்.

இனி மில் சொல்வதைக் கேட்போம். ஒரு செயலால் எத்தனை பேர்க்கு எவ்வளவு இன்பமும் எவ்வளவு துன்பமும் விளைகின்றன என்று கூட்டிக் கழித்துப் பார், மிகுதியான நன்மை தருவதைச் செய் என்பது பயன்பாட்டுக் கொள்கை. இது வணிகர்க்கு எளிதில் விளங்கும், ஐந்தொகை போடுவது போன்றது. திருப்பூர்த் தொழில் பல இலட்சம் மக்களுக்குச் சோறு போடுகிறது. மழை பொய்த்த மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசா மாநிலங்களிலிருந்தும் வந்தவர்க்கு இங்கே ஷிப்ட் கணக்கில் கூலி கிடைக்கிறது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி வருகிறது. மறுபக்கத்தில் ஆயிரக்கணக்கான உழவர்களின் நிலம். கூட்டிப் பார்த்தால் தொழிலின் பக்கமே தட்டு தாழும் என்று அக்காலத்தில் பலர் வாதிட்டனர்.

இந்தக் கணக்கில் பிழை இருந்தது. நிலம் இழந்தவரின் இழப்பை ஓராண்டு விளைச்சலாக எழுதினர். உவர்த்த நிலம் எத்தனை தலைமுறைக்கு உவர்த்திருக்கும் என்பதை எழுதவில்லை. மீன்களையும் நத்தைகளையும் எழுதவே இல்லை. பெந்தாம்கூட இங்கே நம் பக்கம்தான். ஓருயிர் பேசுமா, சிந்திக்குமா என்பதைவிட, துன்புறுமா என்பதையே பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பிழை திருத்தி எழுதினாலும் ஒரு குறை எஞ்சும். கணக்கில் வரவு ஒருவர்க்கும் செலவு வேறொருவர்க்கும் போகிறது. பனியனின் இலாபத்தைத் துய்ப்பவரும் உவர்நீரைக் குடிப்பவரும் வெவ்வேறு மக்கள். பத்துப் பேர் மகிழ்வதற்காக ஒருவர், தம்மைக் கேளாமலே, இழக்கலாமா? மில்லே 1859இல் எழுதிய 'சுதந்திரம்' பற்றிய நூலில், பிறர்க்குத் தீங்கு நேருமிடத்தில் ஒருவரது உரிமையைச் சமுதாயம் தடுக்கலாம் என்று வரம்பு கட்டினார்.

கான்ட் இக்கணக்கையே ஏற்கமாட்டார். மனிதனை வெறும் கருவியாக ஒருபோதும் பயன்படுத்தாதே என்பது அவர் நெறி. ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்பவரைக் கழிவு போகும் வழியாகக் கருதுவது அவரைக் கருவியாக்குவதே. கான்டைப் புரிந்துகொள்ளச் சுற்றுவட்டார நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டத்தையும் நினைத்துப் பார்க்கலாம். மூன்றாண்டு ஆலை விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் திருமணத்திற்கென ஒரு தொகை என்று சொல்லி ஏழை வீட்டு இளம்பெண்களைச் சேர்த்தனர். பெற்றோரும் பெண்ணும் ஒப்புக்கொண்டனரே, பிறகென்ன என்று கேட்டவர் உண்டு. இடையில் உடல்நலம் கெட்டு வெளியேறினால் தொகை கிடைக்குமா, விடுதியை விட்டு விரும்பியபோது வெளியே செல்லலாமா, இவையெல்லாம் அந்தப் பெண்ணுக்கு விளங்கச் சொல்லப்பட்டனவா? வேறு வழியில்லாதவரின் ஒப்புதலை எவ்வளவு நம்பலாம்? ஒப்புதல் என்னும் சொல்லைப் பற்றி மட்டும் நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக மெய்யியலார் வாதிட்டு வருகின்றனர். வேறொரு நாளில் அதைத் தனியே பேச வேண்டும்.

இதுவரை தனிமனிதரைப் பற்றியே பேசினோம். இப்போது ஒரு நல்ல சாயப்பட்டறை உரிமையாளரைக் கற்பனை செய்யுங்கள். அவர் அணுவிரதம் ஏற்றவர். ஒரு துளிக் கழிவும் ஆற்றில் விடமாட்டேன் என்று உறுதி பூண்டவர். அதன்படி நீரை முழுதும் தூய்மை செய்கிறார். அதனால் ஒரு கிலோ துணிக்குச் சாயமிடும் கூலியை அவர் உயர்த்தியாக வேண்டும். பக்கத்துப் பட்டறைக்காரர் உயர்த்தவில்லை. ஆர்டர்கள் அங்கே சென்றுவிடுகின்றன. ஆறு மாதத்தில் நல்லவரின் பட்டறை மூடப்படுகிறது. ஆறு முன்போலவே நிறம் மாறி ஓடுகிறது. அவர் தம் உயிரை இம்சையிலிருந்து காத்துக்கொண்டார், அது பெரிதுதான். நண்டும் நத்தையும் பிழைக்கவில்லையே.

தனிமனித அறத்தின் எல்லை இங்கே தெரிகிறது. ஒவ்வொருவரும் 'மற்றவர் செய்தால் நானும் செய்வேன்' என்று காத்திருக்கையில் ஒருவரும் செய்வதில்லை. ஒருவரும் தீயவராக இல்லாமலே பெருந்தீங்கு நிகழ்ந்துவிடும். 1651இல் தாமஸ் ஹாப்ஸ், அரசு ஏன் வேண்டும் என்பதற்குச் சொன்ன காரணமும் ஏறத்தாழ இதுவே: மற்றவரும் விதியைக் காப்பர் என்ற உறுதி இல்லாதபோது முதலில் காப்பவன் இழப்பான்; அவ்வுறுதியைத் தருவதற்கு எல்லோர்க்கும் பொதுவான ஓர் அதிகாரம் வேண்டும். ஹாப்ஸ் அந்த அதிகாரத்தை ஒரே இடத்தில் குவிக்கச் சொன்னார். அந்தப் பகுதி எனக்கு உடன்பாடில்லை. மனிதரைப் பற்றி அவர் கொண்ட எண்ணம் மிகவும் தாழ்ந்தது.

பலர் கூடிச் செய்யும் இம்சையைப் பற்றி நம் முன்னோர் எண்ணாமலில்லை. ஒருவர் செய்த இம்சையின் பயனைப் பலர் ஏற்பதும் உண்டு, பலர் செய்த இம்சையின் பயன் ஒருவரைச் சேர்வதும் உண்டு என்னும் கருத்து அமிர்தசந்திரரின் அந்நூலிலேயே இருக்கிறது. வினைப்பயன் பகுக்கப்படும் வகையை அவர் நுட்பமாக நோக்கினார். ஆயினும் அத்தகைய இம்சை நிகழாதவாறு ஊரை எவ்வாறு அமைப்பது என்பதைத் துறவியரின் நூலில் எதிர்பார்க்கலாகாது. அது இல்லறத்தாராகிய நாம் எழுத வேண்டிய பகுதி.

அரசு ஒன்றுதான் வழியா என்று கேட்பவர்க்கு எலினார் ஆஸ்ட்ரம் என்னும் அமெரிக்க அறிஞரின் ஆய்வு விடை தருகிறது. பொதுவான நீரையும் மேய்ச்சல் நிலத்தையும் காட்டையும் ஊரார் தாமே விதி வகுத்துக் காத்துவந்த பல நிகழ்வுகளை அவர் உலகெங்கும் கண்டு எழுதினார். ஏரிப் பாசன ஊர்களிலிருந்து வந்த நமக்கு இது வியப்பளிக்காது. குடிமராமத்தும், மடை திறக்க ஊரார் அமர்த்திய ஆளும், முறைவைத்து நீர் பாய்ச்சுதலும் நாம் கண்டவையே. ஆனால் அவ்வூர்களில் நீரைக் கெடுப்பவனும் அதே நீரைக் குடிப்பவனும் ஒருவனே. ஒருவர் முகத்தை ஒருவர் நாள்தோறும் பார்த்தாக வேண்டும். நொய்யலில் மேற்பகுதியிலுள்ளவர் கீழ்ப்பகுதியிலுள்ளவர் முகத்தைப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அதனால் வழக்கு மன்றம் ஏறியது.

அதன் சுருக்கம் இது. ஆற்றின் ஆயக்கட்டு உழவர்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில், சாயப்பட்டறைகள் கழிவு நீரே வெளியேறாத முறைக்கு மாற வேண்டும் என்றும், மாறும்வரை வெளிவிடும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 காசு முதல் படிப்படியாக உயரும் தொகையைக் கட்ட வேண்டும் என்றும் ஆணையிட்டது. 2009 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்னும் கொள்கையின்படி, அதனை உறுதிசெய்து மேலும் மூன்று மாதத் தவணை தந்தது. (அதே அக்டோபரில்தான் ஆஸ்ட்ரமுக்குப் பொருளியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது, அப்பரிசு பெற்ற முதற் பெண்மணி அவர்.) ஆணைகள் முழுமையாக நிறைவேறவில்லை. 2011 சனவரி 28 அன்று உயர் நீதிமன்றம், 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட ஆணையிட்டது. மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன.

லிட்டருக்கு இத்தனை காசு என்பதில் மெய்யியல் வினா ஒன்று ஒளிந்திருக்கிறது. அது அபராதமா, விலையா? அபராதம் என்றால் 'நீ செய்தது தவறு' என்று பொருள். விலை என்றால் 'காசைக் கட்டிவிட்டுத் தாராளமாகச் செய்துகொள்' என்று பொருள். இஸ்ரேலின் ஹைபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில் ஓர் ஆய்வு நடந்தது. மாலையில் பிள்ளையை அழைத்துச் செல்லத் தாமதமாக வரும் பெற்றோர்க்கு அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, மிகுந்தது. முன்பு ஆசிரியைக்குத் தொல்லை தருகிறோமே என்று கூசியவர்கள், இப்போது காசு கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிட்டனர். இங்கும் காசு கட்டுவது எளிது, கருவி ஓட்டுவது அரிது என்று எண்ணியவர்க்கு அபராதம் விலையாகவே இருந்திருக்கும். நம் பிராயச்சித்த மரபில் முதலில் நிற்பது ஆலோசனை, அதாவது குற்றத்தைக் குருவின் முன் தானே எடுத்துரைத்தல் என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தம்.

மூடியது நீதியா? உழவர் பக்கம் நின்று பார்த்தால், காலம் கடந்து வந்த நீதி. ஆனால் அந்த மாதங்களில் இந்நகரத் தெருக்களில் நடந்தவர்க்கு மற்றொன்றும் தெரியும். பட்டறையில் ஈரத்துணி சுமந்த கூலியாளுக்கு வேலை போயிற்று. சாயமிடத் துணியை வெளியூர்களுக்கு அனுப்பினர். சிலவிடங்களில் சாயக்கழிவும் அவ்வூர்களின் ஓடைகளுக்கே சென்றது. இலாபத்தில் பங்கு பெறாத கூலியாள் தண்டத்தில் பெரும்பங்கு பெற்றார். ஏழு கடலுக்கு அப்பால் மலிவு விலையில் அந்தப் பனியனை வாங்கிய கடைக்கோ, உடுத்தியவர்க்கோ ஒரு காசும் செலவாகவில்லை. மாசுபடுத்தியவர் செலுத்த வேண்டும் என்னும் கொள்கை நேர்மையானது. மாசுபடுத்தியவர் யார் என்ற பட்டியலை உள்ளூரிலேயே நிறுத்திவிட்டதுதான் குறை. பின்னர் மாநில அரசு வட்டியில்லாக் கடன் அளித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் நுண்ணுயிர்த் தொட்டியும், ஆர்.ஓ. சவ்வும், ஆவியாக்கும் கலன்களும் அமைந்தன. இன்று நீரும் உப்பும் பெரும்பகுதி மீட்கப்பட்டு மீண்டும் சாயத்திற்கே செல்கின்றன. அக்கலன்களுக்கு எரிக்கும் விறகும் மூட்டைகளாகத் தேங்கும் கழிவு உப்பும் வேறு வினாக்களை எழுப்புகின்றன. ஓரிடத்து இம்சையை நீக்கப் புகுந்து வேறிடத்துக்கு மாற்றிவிடாமல் இருப்பது எளிதன்று.

இவ்வளவு பேரிடையே சுமையை நேர்மையாகப் பகுப்பது எப்படி? இதற்கு அமெரிக்கரான ஜான் ரால்ஸ் 1971இல் வெளியிட்ட நூலில் ஓர் உத்தி சொன்னார். சமுதாய விதிகளை வகுக்க அமர்ந்திருக்கும் உங்கள் முன் ஒரு திரை தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சமுதாயத்தில் நீங்கள் யாராக இருக்கப் போகிறீர்கள் என்பதை அத்திரை மறைத்துவிடுகிறது. ஏற்றுமதி முதலாளியா, கைமடிக்கும் சிறுமியா, ஒரத்துப்பாளையத்துத் தென்னந்தோப்புக்காரரா, தெரியாது. அப்போது எந்த விதியை ஏற்பீர்கள்? தாழ்ந்த இடத்தில் இருப்பவர்க்கும் தாங்கக்கூடிய விதியையே எவரும் தேர்வர், ஏனெனில் அவ்விடம் தமக்கே வாய்த்துவிடலாம் என்றார் ரால்ஸ்.

மேலைநாட்டார் பலர் இதனை வெறும் கற்பனை விளையாட்டு என்று குறை கூறினர். நான் அறிந்தவன் நான்தானே, வேறொருவனாகப் பிறப்பேன் என்று ஏன் எண்ண வேண்டும் என்பது அவர்கள் வாதம். நாற்கதிச் சுழற்சியை நம்பும் நமக்கு அவ்வாறு சொல்ல வழியில்லை. ரால்ஸின் திரை நமக்குக் கற்பனையன்று. ஒவ்வொருவர் முன்னும் இறப்பு என்னும் பெயரில் அது தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு அப்பால் எங்கே, எந்த உடலில் என்று அறியோம். இன்னும் ஒன்று: ரால்ஸ் தம் திரைக்குப் பின்னால் மனிதரை மட்டுமே அமர்த்தினார். நம் திரைக்குப் பின்னால் விலங்குகதியும் உண்டு. நொய்யலின் மீனாக வரக்கூடியவரும் இந்த அவையில் இருக்கிறோம். சாயக்கழிவுக்கு விதி வகுக்கும் குழுவில் இந்த நினைவோடு ஒருவர் அமர்ந்திருந்தால் 2,100 என்ற எண்ணை அவர் எப்படிப் பார்த்திருப்பார்?

அநேகாந்தத்தைப் பற்றியும் ஒரு சொல். இத்தகைய சிக்கல்களில், 'எல்லோர் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதுதான் அநேகாந்தம்' என்று நம்மவர் பேசி ஒதுங்கிவிடுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். யானையைத் தடவிய குருடர் கதையை இதற்குத் துணையாக அழைப்பர். ஆனால் அக்கதையில் யானை ஒன்று உண்மையாகவே இருக்கிறது. ஒவ்வொருவர் கூற்றையும் எந்த நோக்கில் மெய், எந்த அளவில் மெய் என்று வரையறுத்து, அவற்றை இணைத்து முழுமையை அறிய முயல்வதே நயவாதம். சாயப்பட்டறைக்காரர், 'இத்தொழில் நின்றால் ஊரே பட்டினி' என்றது வேலைவாய்ப்பு நோக்கில் மெய். உழவர், 'என் நிலம் செத்தது' என்றது நிலத்தின் நோக்கில் மெய். தொழிலாளர் 1984இல் பஞ்சப்படிக்காக நான்கு மாதங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தபோது சொன்னதும், வளர்ச்சியின் பங்கு யார்க்குப் போகிறது என்னும் நோக்கில் மெய். எல்லா நோக்குகளையும் கேட்ட பின்னரும் தீர்ப்பு ஒன்று சொல்லித்தான் ஆக வேண்டும். கேட்கப்படாத நோக்கு எது என்று தேடுவதில்தான் அநேகாந்தி மற்றவரினும் முந்த வேண்டும்.

இறுதியாக, ஐந்தாம் நோன்பாகிய மிகுபொருள் விரும்பாமை. இதைப் பெரும்பாலும் தானத்தோடு சேர்த்துப் பேசுகிறோம். ஈட்டிய பிறகு எவ்வளவு வைத்துக்கொள்வது என்ற கணக்காகவே கருதுகிறோம். ஈட்டும்போதே வரையறை செய்வதும் அந்நோன்பில் அடங்கும். ஒரு பட்டறை தன் நீரைத் தூய்மை செய்யும் செலவைத் தன் இலாபத்திலிருந்து எடுக்கிறதா, ஆற்றிலிருந்து எடுக்கிறதா என்பது பரிக்கிரக அளவைப் பற்றிய வினாவே. இதனைத் தனியொருவர் மேல் சுமத்தினால் நாம் கற்பனை செய்த அந்த நல்ல உரிமையாளருக்கு நேர்ந்ததே நேரும். சங்கங்கள், கூலி நிர்ணயக் கூட்டங்கள், வாங்குவோருடன் செய்யும் ஒப்பந்தங்கள் ஆகிய இடங்களில் அனைவர்க்கும் ஒரே விதியாக அது வர வேண்டும். நம்முள் அத்தகைய கூட்டங்களில் அமரும் வாய்ப்புள்ளவர் இருக்கின்றனர். அங்கே வாய் திறப்பதும் நோன்பின் ஒரு பகுதி என்று கருதுகிறேன்.

இத்துறைகளை மேலும் கற்க விரும்புவோர், குறிப்பாகக் கல்லூரி மாணவர், எந்த நூலில் தொடங்குவது என்று கேட்கின்றனர். நூலுக்கு முன் ஒரு பயணத்தில் தொடங்கலாம். கொங்குவேளிரோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் விசயமங்கலத்துச் சந்திரப்பிரபர் கோயிலுக்கு நம் குடும்பங்கள் செல்வதுண்டு. அங்கிருந்து ஒரத்துப்பாளையம் அணை வெகு தொலைவில் இல்லை. அடுத்த முறை செல்லும்போது பிள்ளைகளை அங்கும் அழைத்துச் சென்று, கரையில் நின்று, நடந்ததைச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளை ஒரு தாளில் எழுதி வாருங்கள். விடை சொல்லிவிட வேண்டா. அடுத்த கூட்டத்தை அந்தத் தாளிலிருந்தே தொடங்குவோம்.